எத்தனை மணி நேரம் இடைவெளி விட வேண்டும்?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. ஒரத்தநாடு பக்கம் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் உங்கள் வீட்டுக்காரர் மூட்டை தூக்குகிறார். குறுவை அறுப்பு தொடங்கியதிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு வலி மாத்திரை, ராத்திரி ஒரு குவார்ட்டர், காலையில் தலை கனத்தால் ஒரு டோலோ என்று ஓடிக்கொண்டிருக்கிறது என எழுதியிருந்தீர்கள். "குடியை விடச் சொல்ற சண்டை தனி. அதை நான் பாத்துக்கிறேன். மாத்திரைக்கும் சரக்குக்கும் நடுவுல எத்தனை மணி நேரம் விட்டா ஒண்ணும் ஆகாது, அதை மட்டும் சொல்லுங்க" என்று கேட்டிருந்தீர்கள்.

உங்கள் பெயரையும் ஊரையும் விட்டுவிட்டு, பதிலை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். அரசு மருத்துவமனையில் மருந்து கொடுக்கும் இடத்தில் நின்ற காலம் முழுக்க நான் அதிகம் கேட்ட கேள்விகளில் இதுவும் ஒன்று. பெரும்பாலும் பெண்கள்தான் கேட்பார்கள், வரிசையில் பின்னால் நிற்பவருக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டு.

நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். கிட்டத்தட்ட தினமும் குடிக்கிறவருக்கு, இத்தனை மணி நேரம் விட்டால் போதும் என்று சொல்லத்தக்க இடைவெளி கிடையாது. ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி. பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால் ஆல்கஹால் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். அப்படியானால் உள்ளே இருக்கும் சுத்த ஆல்கஹால் 77 மில்லி, எடையில் சுமார் 60 கிராம். நம் கல்லீரல் மணிக்கு ஏறக்குறைய 7 முதல் 10 கிராம் வரைதான் அதை எரித்துத் தள்ளும். இரவு ஒன்பது மணிக்குக் குடித்து முடித்தவர் ரத்தத்தில் அது முழுசாக இறங்க விடிகாலை மூன்று மணியாகலாம், ஆறு மணியும் ஆகலாம். "கட்டிங் மட்டும்தான்" என்றால் பாதி நேரம். ஆனால் அது ரத்தத்தை விட்டுப் போன பிறகும் இரைப்பையிலும் ஈரலிலும் செய்துவிட்டுப் போன வேலை பல நாள் நிற்கும். மறுநாள் ராத்திரி அடுத்த குவார்ட்டர் வந்துவிடுகிறது. இதில் இடைவெளியை எங்கே போய்த் தேடுவது?

ஆகவே கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாம். எத்தனை மணி நேரம் என்று கேட்பதற்கு முன்னால், எந்த மாத்திரை என்று கேட்க வேண்டும். வலி மாத்திரை என்று நாம் ஒரே பெயரில் சொல்வது மூன்று வெவ்வேறு வகை. குடியோடு சேரும்போது மூன்றும் மூன்று விதமாகக் கெடுக்கும்.

கடிதத்தோடு மாத்திரை அட்டையின் ஒரு துண்டை ஒட்டி அனுப்பியிருந்தீர்கள். நல்ல காரியம் செய்தீர்கள். இரண்டு மாத்திரை அளவுக்குக் கத்தரித்த துண்டு. கம்பெனிப் பெயர் பாதியில் போய்விட்டது, காலாவதித் தேதி கடையிலேயே தங்கிவிட்டது. அதிர்ஷ்டவசமாக, உள்ளே இருக்கும் மருந்தின் பெயர் வெட்டுப்படாமல் தப்பியிருக்கிறது: அசிக்ளோஃபெனாக் 100 மில்லிகிராம், பாராசிட்டமால் 325 மில்லிகிராம். ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடும் தெரிகிறது. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து என்பதற்கு அடையாளம் அந்தக் கோடு. "உடம்பு வலிக்கு ரெண்டு குடுங்க" என்றாலே அது கைக்கு வந்துவிடுகிறது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இந்தத் துண்டாவது பரவாயில்லை. "செட்" என்று கேட்டால் நாலைந்து நிறத்து மாத்திரைகளைக் காகித உறையில் போட்டு மடித்துக் கொடுப்பார்களே, அதில் ஒன்று ஸ்டீராய்டாக இருந்தால்கூடத் தெரிந்துகொள்ள வழியில்லை. வலி மாத்திரையோடு ஸ்டீராய்டும் சேர்ந்தால் வயிற்றுப் புண்ணுக்கான வாய்ப்பு இன்னும் கூடும்.

உங்கள் துண்டில் உள்ள அசிக்ளோஃபெனாக் முதல் வகை. டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென், ஆஸ்பிரின், நிமெசுலைடு எல்லாம் இதே குடும்பம். வீக்கத்தையும் வலியையும் கிளப்புகிற புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உடம்பில் சுரக்காமல் இவை தடுக்கின்றன. இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் வேன் 1971இல் இதைக் கண்டுபிடித்துச் சொன்னார். 1982இல் அவருக்கும் சுவீடனைச் சேர்ந்த இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. சிக்கல் என்னவென்றால், முதுகில் வலியைக் கிளப்பும் அதே பொருள்தான் இரைப்பையின் உள்சுவரை அமிலம் அரிக்காமல் காக்கிறது. சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைத் தாங்கிப் பிடிப்பதும் அதுதான். மாத்திரை முதுகு வேறு வயிறு வேறு என்று பார்க்காது, எல்லா இடத்திலும் அதை நிறுத்திவிடும். காவல் இல்லாத அந்தச் சுவர் மேல் ராத்திரி சரக்கை ஊற்றினால் அது நேரடியாகப் புண்ணாக்கும், ரத்தம் உறைவதையும் கெடுக்கும். இரைப்பையில் ரத்தக் கசிவு வருவது இந்த வழியில்தான்.

நம் பக்கத்தில் இதற்கு மூன்று சமாதானம் சொல்வார்கள். சாப்பிட்டுவிட்டுப் போட்டால் ஒன்றும் பண்ணாது என்பது முதலாவது. சோறு இருந்தால் எரிச்சல் கொஞ்சம் மட்டுப்படலாம், அவ்வளவுதான். மாத்திரை ரத்தத்தில் கலந்த பிறகு செய்கிற வேலையைச் சோறு தடுக்காது. இரண்டாவது, "ஊசியாப் போட்டுக்கிட்டா வயித்துக்கு ஒண்ணும் ஆகாது." டைக்ளோஃபெனாக் ஊசியும் ரத்தத்தின் வழியாகவே போய் அதே காவலை எடுத்துவிடும். மூன்றாவது, கூடவே ஒரு கேஸ் மாத்திரை. மருத்துவர் பார்த்துக் கொடுத்த பேண்டோபிரசோல் இரைப்பைப் புண்ணின் ஆபத்தைக் குறைக்கும், உண்மைதான். ஆனால் அது சிறுநீரகத்தையோ ஈரலையோ காக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வயிற்றில் புண் வந்தால் வலிக்குமே, அப்போது நிறுத்திக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். போடுவதே வலியை மறைக்கிற மாத்திரை. இந்த மாத்திரைகளால் வரும் புண் பலருக்கு வலியே காட்டாமல் இருந்து, ஒரு நாள் ரத்த வாந்தியாகத்தான் வெளியே தெரிகிறது.

சிறுநீரகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெயிலில் மூட்டை தூக்கி வேர்த்து வடிகிறவர் உடம்பில் தண்ணீர் ஏற்கெனவே குறைவு. சரக்கு சிறுநீரைக் கூடுதலாகப் பிரித்து இன்னும் குறைக்கும். அந்த நிலையில் ரத்த ஓட்டத்தைத் தாங்குகிற பொருளையும் மாத்திரை நிறுத்திவிட்டால் சிறுநீரகம் திணறும். ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை எடுப்பவர்களுக்கு இது இரட்டை அபாயம். அந்த மாத்திரையின் பலனையும் வலி மாத்திரை குறைத்துவிடும்.

இரண்டாவது வகை பாராசிட்டமால். டோலோவும் அதுதான். உங்கள் அட்டைத் துண்டில் இரண்டாவதாக இருப்பதும் அதுதான். இது இரைப்பையை அரிக்காது. இதன் சங்கதி முழுக்க ஈரலில். டெல்டாவில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். பாராசிட்டமாலின் பெரும்பகுதி ஈரலில் பெரிய வாய்க்கால் வழியாகத் தீங்கில்லாமல் வெளியேறிவிடும். ஒரு சிறு பங்கு மட்டும் பக்கத்துக் கன்னி வாய்க்காலில் திரும்பி விஷமாக மாறும். அதை உடனே வாங்கிக் கொண்டுபோக குளூட்டத்தயோன் என்ற வடிகால் இருக்கிறது. தினக்குடி அந்தக் கன்னி வாய்க்காலை அகலமாக்கிவிடும், வடிகாலைத் தூர்த்தும்விடும். குடித்துவிட்டுச் சரியாகச் சாப்பிடாமல் படுப்பவருக்கு வடிகால் இன்னும் மோசம். பிறகு விஷம் தேங்கி நிற்பது ஈரலின் வயல்களில்தான்.

இங்கேதான் இடைவெளிக் கணக்கு தலைகீழாகிறது. ரத்தத்தில் சரக்கு இருக்கும்வரை அந்தச் சிறு வழியை அதுவும் அடைத்துக்கொண்டு நிற்கும். அது இறங்கிய பிறகு, அகலமாகிப்போன வழி முழுவதும் பாராசிட்டமாலுக்குத் திறந்து கிடக்கும். அதாவது ராத்திரி குடித்தவர், "இப்பத்தான் எல்லாம் இறங்கிடுச்சே" என்று காலையில் போடுகிற மாத்திரை, அவர் நினைக்கிற அளவுக்குப் பாதுகாப்பான நேரத்தில் போடுகிற மாத்திரை இல்லை.

பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. ஒரு 500 மில்லிகிராம் மாத்திரையால் ஈரல் போய்விடாது. அளவோடு போட்டால், குடிப்பழக்கம் உள்ளவருக்கும் முதல் வகையைவிட இதுவே மேல் என்று பல மருத்துவர்கள் சொல்வார்கள். சிக்கல் அளவில் இருக்கிறது. ஆரோக்கியமான பெரியவருக்கு ஒரு நாளின் உச்ச வரம்பு 4 கிராம். தினமும் குடிப்பவருக்கு 2 கிராமுக்கு மேல் போக வேண்டாம் என்பது பல மருத்துவர்களின் அறிவுரை. இப்போது உங்கள் வீட்டில் காய்ச்சலும் சளியும் சேர்ந்து வந்த ஒரு நாளின் கணக்கைப் போடுங்கள். வலி மாத்திரை இரண்டு வேளை என்றால் அதிலேயே 650 மில்லிகிராம். காய்ச்சல் என்று டோலோ 650 மூன்று வேளை, 1950. சளிக்கு வாங்குகிற மாத்திரையிலும் 500 பாராசிட்டமால் இருக்கும், மூன்று வேளைக்கு 1500. மொத்தம் 4100. மூன்று நோய்க்கு மூன்று மாத்திரை போட்டதாக அவர் நினைத்துக்கொண்டிருப்பார். ஈரலுக்கு மூன்றும் ஒரே மாத்திரைதான்.

அமெரிக்காவில் இது நீதிமன்றம்வரை போனது. வெள்ளை மாளிகையில் வேலை பார்த்த ஒருவர், இரவுச் சாப்பாட்டோடு ஒயின் குடிக்கும் பழக்கம் உள்ளவர், 1993இல் காய்ச்சலுக்காகச் சில நாள் பாராசிட்டமால் எடுத்தார். ஈரல் செயலிழந்து, மாற்று ஈரல் பொருத்தித்தான் பிழைத்தார். குடிப்பவர்களுக்கான எச்சரிக்கை மருந்துப் பெட்டியில் இல்லை என்று வழக்குப் போட்டார். 1994இல் நடுவர் குழு அவருக்கு 80 லட்சம் டாலருக்கு மேல் கொடுக்கச் சொன்னது. 1998இல் அந்த நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, பாராசிட்டமால் மட்டுமல்லாமல் ஆஸ்பிரின், ஐபுபுரூஃபென் எல்லாவற்றின் மேலும், தினமும் மூன்று முறையோ அதற்கு மேலோ மது ஊற்றிக் குடிப்பவர்கள் எடுக்கலாமா என்று மருத்துவரைக் கேட்க வேண்டும் என அச்சிட உத்தரவு போட்டது. அங்கே ஒரு முறை ஊற்றுவது என்றால் சுமார் 14 கிராம் ஆல்கஹால். நம்முடைய ஒரு குவார்ட்டரே அதில் நான்கைத் தாண்டும். நம்மூர் அட்டையிலும் எச்சரிக்கை இருக்கிறது, பொடி எழுத்தில், ஆங்கிலத்தில். அதைத்தான் கத்தரிக்கோல் முதலில் வெட்டுகிறது.

மூன்றாவது வகை டிரமடால், டேபென்டடால் போன்ற கடுமையான வலி நிவாரணிகள். அறுவை சிகிச்சைக்குப் பிறகோ, எலும்பு முறிவுக்கோ மருத்துவர் எழுதிக் கொடுப்பவை. இவற்றோடு மது சேர்ந்தால் ஆபத்து அன்றைக்கே, அந்த மணியிலேயே. இரண்டுமே மூளையில் மூச்சை நடத்துகிற இடத்தை மந்தமாக்கும். குறட்டை மாதிரி கரகரவென்று சத்தம் வந்து, மூச்சு இடைவெளி நீண்டுகொண்டே போய், தூக்கத்திலேயே நின்றுவிடலாம். "போதையில நல்லாத் தூங்குறாரு" என்று வீட்டார் விட்டுவிடுவார்கள். முதுகுப் பிடிப்புக்குக் கொடுக்கும் தசை தளர்த்தும் மாத்திரை, சளி மாத்திரையில் இருக்கும் குளோர்பெனிரமின் ஆகியவையும் மதுவோடு சேர்ந்தால் தூக்கத்தை ஆழப்படுத்தும். மூட்டையோடு பலகையில் ஏறுகிறவர் கால் தடுமாறுவதற்கு அது போதும்.

கார்த்திகை பிறக்கப் போகிறது. குடியை நிறுத்தி மாலை போட்டுக்கொள்வார் என்றால் இதையும் கவனியுங்கள். பல வருஷமாக தினமும் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால், முதல் இரண்டு நாளுக்குள் கை நடுக்கம், வியர்வை, உடம்பு வலி, சிலருக்கு வலிப்பு வரும். மூன்றாம் நாளை ஒட்டி இல்லாததைக் கண்டு பிதற்றுவதும் உண்டு. அந்த உடம்பு வலிக்கு அவர் கை தானாக மாத்திரைக்குப் போகும். அகலமான கன்னி வாய்க்கால் சுருங்கப் பல நாள் பிடிக்கும், ஆகவே அந்த வாரத்தில் பாராசிட்டமால் அளவில் கண்டிப்பாக இருங்கள். டிரமடால் தானாகவே வலிப்பைத் தூண்டக்கூடியது, அதை அப்போது தொடவே கூடாது. நிறுத்துவது நல்ல முடிவு. மாலை போடுவதற்கு முன்னால் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்த்துவிட்டு நிறுத்துவது இன்னும் நல்ல முடிவு. போதை மீட்புக்கான 14446 என்ற எண்ணிலும் கட்டணமில்லாமல் கேட்கலாம்.

மதுவால் சாவு என்றால் செய்தி வருவது வேறு மாதிரி. 2023 மே மாதம் தஞ்சாவூர் கீழவாசலில் மது அருந்திய இருவர் இறந்து, சயனைடு கலந்திருந்தது தெரிந்தபோது ஊரே பேசியது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60 பேருக்கு மேற்பட்டவர்களைக் கொன்றபோது நாடே பேசியது. கடையில் முறையாக வாங்கிய பாட்டிலும் மெடிக்கலில் வாங்கிய மாத்திரையும் சேர்ந்து செய்கிற காரியம் அப்படிப் பேசப்படுவதில்லை. "வயித்துல புண்ணு இருந்துச்சாம்", "மஞ்சக்காமாலை முத்திடுச்சாம்" என்று துக்க வீட்டில் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

இதில் மருத்துவர் தடுக்கக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது, அதை நாமே அடைத்துவிடுகிறோம். ஓ.பி.யில் சீட்டு எழுதும்போது, "குடிப்பீங்களா?" என்று கேட்பார். "எப்பவாச்சும் சார், விசேஷத்துக்கு" என்று பதில் வரும். பின்னால் நிற்கும் மனைவி தரையைப் பார்ப்பார். அந்தப் பதிலை நம்பித்தான் டைக்ளோஃபெனாக்கா, பாராசிட்டமாலா, எத்தனை நாள், ஈரல் பரிசோதனை வேண்டுமா என்று அவர் முடிவெடுக்கிறார். அடுத்த தடவை நீங்கள் தரையைப் பார்க்காதீர்கள். "தினமும் ஒரு குவார்ட்டர், சில நாள் கூடவும் போகும், பகல்ல இந்த மாத்திரை" என்று அளவோடு சொல்லிவிடுங்கள். திட்டு விழலாம். விழட்டும்.

அதுவரைக்கும் வீட்டில் செய்ய வேண்டியவை. துண்டு மாத்திரையும் செட்டும் வேண்டாம், பெயர் தெரியும்படி முழு அட்டையாக வாங்குங்கள். குடிக்கிற நாட்களில் அசிக்ளோஃபெனாக் குடும்பம் வேண்டவே வேண்டாம். தாங்க முடியாவிட்டால் பாராசிட்டமால் 500, ஒரு நாளில் நான்குக்கு மேல் கூடாது, அதுவும் சாப்பிட்டிருந்தால், இரண்டு மூன்று நாளுக்குமேல் தொடராமல். கண் மஞ்சளாகவோ கால் வீங்கியோ இருந்தால் அதுவும் மருத்துவரைக் கேட்காமல் கூடாது. வலிக்கும் இடத்தில் டைக்ளோஃபெனாக் களிம்பு தடவினால் ரத்தத்தில் கலப்பது மாத்திரையைவிட மிகவும் குறைவு. வெந்நீர் ஒத்தடமும் கேட்கும். இதய நோய்க்காக மருத்துவர் ஆஸ்பிரின் எழுதியிருந்தால் அதை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், குடிக்கும் விஷயத்தை அவரிடம் சொல்லுங்கள்.

மலம் தார் மாதிரி கறுத்துப் போனாலோ, வாந்தி காபித் தூள் கலந்தது போல வந்தாலோ, எழுப்ப எழுப்ப விழிக்காமல் மூச்சு கரகரத்தாலோ விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், 108ஐக் கூப்பிடுங்கள். இரும்புச்சத்து மாத்திரைக்கும் மலம் கறுக்கும், ஆனால் அது தார் போல ஒட்டாது, நாறாது. பாராசிட்டமால் அளவுக்கு மேல் உள்ளே போய்விட்டது என்று தெரிந்தால், ஆள் நன்றாக இருந்தாலும் உடனே கிளம்புங்கள். முதல் நாள் வெறும் குமட்டலோடு போகும், ஈரல் கெடுவது இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் தெரியும். அதற்கு மாற்று மருந்து இருக்கிறது, 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் அது முழுப் பலன் தரும்.

கடைசியாக அந்த வலியைப் பற்றி. உங்கள் வீட்டுக்காரர் வலி என்று சொல்வது சாக்கு இல்லை. 40 கிலோ மூட்டையை எடை மேடையிலிருந்து தூக்கி அட்டி போட்டு, லாரி வந்ததும் அதே மூட்டையைத் திரும்பத் தூக்கி ஏற்றுகிற முதுகு அது. இந்தச் சீசன் முழுவதையும் மாத்திரையும் சரக்கும் மாற்றி மாற்றித் தாங்கிப் பிடித்தால், சம்பா அறுப்புக்கு மூட்டை தூக்க உடம்பு இருக்காது. சரக்கு ராத்திரி வலியை மறக்கடிப்பது உண்மை. கூடவே தூக்கத்தைத் துண்டு துண்டாக்கி, மறுநாள் காலையில் வலியைக் கூட்டிவைப்பதும் உண்மை. முதுகை மருத்துவரிடம் காட்டி, இயன்முறை சிகிச்சை கேளுங்கள். அரசு மருத்துவமனைகளில் அது காசில்லாமல் கிடைக்கும். அவர் உடனே குடியை விட மாட்டார் என்று எழுதியிருந்தீர்கள். சரி, அந்தச் சண்டை நடக்கட்டும். அது முடிகிறவரை மாத்திரையை விட்டுவிடச் சொல்லுங்கள். இரண்டில் ஒன்றை இன்றைக்கே நிறுத்த முடியும் என்றால், அது மெடிக்கலில் சீட்டில்லாமல் வாங்குகிற அந்தத் துண்டுதான்.

அடுத்த திங்கட்கிழமை ஓ.பி.க்குப் போங்கள். இந்தக் கடிதத்தில் நான் எழுதியதை விட்டாலும் விடுங்கள், மாத்திரை அட்டையை மட்டும் கையோடு எடுத்துப் போங்கள். மருத்துவர் என்ன சொன்னார் என்று ஒரு வரி எழுதினால் மகிழ்வேன்.

அன்புடன்,
உங்கள் பழைய மருந்தாளுநர்